கம்பத்து மாட்டுத் தொழுவம்

மாட்டுத் தொழுவம் என்றதும் நம் இல்லங்களில் சிறியோர் முதல் முதியோர் வரை எல்லாருக்கும் மார்கழிக் குடிலும், அதில் பரப்பிய வைக்கோலும், களிமண்ணால் செய்து வண்ணம் தீட்டிய பசுவும் கழுதையுமே நினைவுக்கு வரும். அந்தப் பொம்மைகளைத் துடைத்து, காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்கி வைத்த சில நாட்களுக்குள், தை மாதத்தின் இரண்டாம் நாளில், உயிருள்ள தொழுவம் ஒன்றைக் காண்பதற்காக அடியேன் தேனியில் பேருந்து ஏறினேன். நான் சென்ற இடம் கம்பம். காணச் சென்றது, அவ்வூரில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் தம்பிரான் மாட்டுத் தொழுவம்.

தேனியிலிருந்து கம்பத்துக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். தென்தமிழ்நாட்டில் இத்தனை அழகிய நாற்பது கிலோமீட்டர் வேறு எங்கும் இல்லை என்று சொன்னால், இப்பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் அதை மிகையென்று கருதமாட்டார்கள். மற்றவர்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புக் கூறட்டும். மேற்கே கேரள எல்லையின் மலைத்தொடர், கிழக்கே மேகமலை, இரண்டுக்கும் இடையில் முல்லையாறு. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், அனுமந்தன்பட்டி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நம் வாசகர் பலருக்கு அனுமந்தன்பட்டியும் அதற்குக் கிழக்கே விலகி நிற்கும் இராயப்பன்பட்டியும் உறவினர் வாழும் ஊர்களாகவே இருக்கும். வழியெங்கும் நெல்வயல், தென்னை, வாழை, திராட்சைப் பந்தல். இங்கு விளையும் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

இந்தப் பசுமை அனைத்தும் 1895-ஆம் ஆண்டின் கொடை. அவ்வாண்டு அக்டோபரில் பெரியாறு அணை திறக்கப்பட்டபின், மேற்கே கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த நீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளையும் பூமியாயிற்று. அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்பில் 2013-ஆம் ஆண்டு மணிமண்டபம் எழுப்பப்பட்டது. பொங்கல் நாட்களில் அவர் படத்துக்கு மாலை போடாத ஊர் இங்கே குறைவு. நன்றி மறவாத மக்கள். ஆயினும், நீர் வந்ததனால் நெல் பெருகியது போலவே, ஒன்று சுருங்கியும் போயிற்று. அதனைப் பற்றிப் பின்னர் சொல்லவேண்டியிருக்கிறது.

கம்பத்தில் இறங்கியதும் வழி கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. கரும்புக் கட்டைத் தோளில் சுமந்தவர்களும், அகத்திக்கீரைக் கட்டும் வாழைப்பழத் தாரும் ஏந்தியவர்களும் குழந்தை குட்டிகளோடு ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தனர். உறுமி மேளத்தின் ஒலி தெருமுனையிலேயே கேட்டது. மாட்டுப் பொங்கலன்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் மக்கள் திரண்டு வந்து, தொழுவத்தின் மாடுகளுக்குத் தங்கள் கையாலேயே உணவூட்டிச் செல்வது வழக்கம். வழக்கமாகக் கோயிலுக்குப் போகிறவர்கள் கொடுத்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புவார்கள். இங்கே கொடுத்தது முழுவதையும் மாடு தின்றுவிடுகிறது. கொடுத்தவரும் அதைப் பார்த்துக்கொண்டே மகிழ்ச்சியோடு நிற்கிறார்.

இது நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழுவம் என்று அழைக்கப்படுகிறது. கன்னடம் பேசும் ஒக்கலிகர் சமுதாயத்தாருக்கு உரியது. கன்னட நாட்டிலிருந்து தங்கள் மந்தைகளை ஓட்டிக்கொண்டு தெற்கே வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்களிடையே வழிவழி வந்த செய்தி. தம்பிரான் என்றால் தலைவன், இறைவன். தலைவனுக்குரிய மாடுகள் ஆதலின் தம்பிரான் மாடுகள். எந்த ஒரு குடும்பத்துக்கும் அவை சொந்தமில்லை. எல்லாக் குடும்பத்துக்கும் அவற்றைக் காக்கும் கடமை உண்டு. வேண்டுதலின் பேரில் கன்றுகளை நேர்ந்துவிடுகிறார்கள். அப்படி வந்த கன்று அன்று முதல் வண்டிக்கும் ஏருக்கும் விடைகொடுத்துவிடுகிறது.

தொழு என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மாடு அடைக்கும் இடத்துக்கும் தொழு என்று பெயர். கைகூப்பி வணங்கு என்று ஏவுவதற்கும் தொழு என்றே சொல். பழைய நாளில் குற்றவாளியின் கால்களை மாட்டிப் பூட்டி வைத்த மரத்துக்கும் தொழுமரம் என்று பெயர் இருந்தது. இம்மூன்றும் ஒரே வேரிலிருந்து முளைத்தனவா என்பதைச் சொல்நூல் வல்லாரிடம் விட்டுவிடுவோம். கம்பத்தில் முதலிரண்டும் ஒன்றாகிவிட்டன என்பது மட்டும் கண்கூடு. மூன்றாவது தொழுவை நான் பிள்ளைப் பருவத்தில் வேறோர் ஊரில் கண்டதுண்டு. அக்கதை சற்றுப் பொறுத்து வரும்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர், தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் கொண்ட பெருநூல் ஒன்றை 1909-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதில் இம்மந்தைக்கும் இடம் கிடைத்திருக்கிறது. கன்னடத்தில் தேவரு ஆவு என்றும் தமிழில் தம்பிரான் மாடு என்றும் வழங்கும் இவை இனப்பெருக்கத்துக்கென மட்டுமே வளர்க்கப்பட்டன என்றும், இறந்துபோனால் தோலுக்காகக் கொடுத்துவிடாமல் ஆழக் குழி தோண்டிப் புதைக்கப்பட்டன என்றும் அந்நூல் குறிக்கிறது. ஆக, நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே இது பழைய வழக்கமாக வேரூன்றியிருந்தது என்பது எழுத்தில் பதிவான செய்தி.

மந்தையின் தலைவனுக்குப் பட்டத்துக் காளை என்று பெயர். அரசனுக்கு மகன் பட்டமேறுவது போல இங்கு வாரிசு முறை கிடையாது. மக்கள் கைதூக்கித் தேர்ந்தெடுப்பதும் கிடையாது. பழைய பட்டத்துக் காளை இறந்தபின், நல்ல நாள் பார்த்து மந்தை முழுவதையும் ஒன்றாகத் திரட்டுவார்கள். சூடம் ஏற்றி, பழம் முதலியவற்றைப் படைத்து, ஒரு கட்டுக் கரும்பை மந்தைக்கு முன்னே வைத்துவிட்டு மூச்சுவிடாமல் காத்திருப்பார்கள். எந்தக் காளை தானாக முன்வந்து அக்கரும்பைக் கடிக்கிறதோ, அதுவே அடுத்த தலைவன். அதற்கு மஞ்சளும் குங்குமமும் பூசி, மாலை சூட்டி, அன்றுமுதல் தெய்வமாகவே போற்றுகிறார்கள். கரும்பைக் கடித்த காரணத்தினால் தலைவனாகிவிட்ட ஒருவரைப் பற்றிச் சிரிக்கத் தோன்றும் வாசகர், நம் ஊர்த் தேர்தல்களில் தலைவர்கள் எவ்வாறு உருவாகிறார்கள் என்பதையும் சற்றே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

வழிபாட்டு முறையில் நமக்கும் அவர்களுக்கும் வேற்றுமை உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை. நான் வியந்தது வேறொன்றை. பால் வற்றிய பசு, கால் ஒடிந்த காளை, உழைக்கத் திறனற்ற கிழடு என்று எதையும் விலைபேசாமல், இறக்கும்வரை ஓர் ஊர் சோறு போட்டு வருகிறது. விலங்குகளுக்குப் புகலிடம் என்று இக்காலத்தில் நாம் சொல்வது இதைத்தானே? பெயர்ப்பலகையும் ஆண்டறிக்கையும் வருவதற்கு முன்பே இங்கு அது நடந்துவந்திருக்கிறது.

தமிழர்க்கு இது புதிய சிந்தனையும் அன்று. நம் முன்னோர் எண்ணிவைத்த முப்பத்திரண்டு அறங்களில் பசுவுக்கு வாயுறை கொடுத்தல், விலங்கிற்கு உணவளித்தல், ஏறு விடுத்தல், ஆவுரிஞ்சு தறி நாட்டுதல் ஆகியவை இடம்பெற்றுள்ளன. கடைசியாகச் சொன்னது பலருக்கும் இன்று விளங்காது. மாடு தன் முதுகு அரிப்பைச் சொறிந்துகொள்ளத் தனக்குக் கையில்லையே என்று வருந்தாதிருக்க, மேய்ச்சல் வெளியிலும் நீர்த்துறையிலும் ஒரு கல்லை நட்டு வைப்பார்கள். மாடு அதில் உரசிக்கொண்டு போகும். மாட்டுக்கு அரிக்கும் என்பதை நினைத்துப் பார்த்து, அதற்கென்று செலவு செய்து, அதனை அறங்களின் வரிசையில் வைத்து எண்ணிய மனிதரை நான் வணங்குகிறேன். பழைய ஊர்களின் எல்லைகளில் அக்கற்கள் சில இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. என்னவென்று அறியாத சிறுவர்கள் அவற்றில் ஏறி விளையாடுகிறார்கள்.

நிற்க. மூன்றாவது தொழுவின் கதைக்கு வருகிறேன். வெள்ளையர் ஆட்சியில் 1871-ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டம் என்று ஒன்று பிறந்தது. பிறர் பயிரில் வாய்வைத்த மாட்டைப் பிடித்து அடைப்பதற்கு ஊர்தோறும் பவுண்டுகள் ஏற்பட்டன. தண்டமும் தீனிச் செலவும் கட்டினால் மாடு திரும்பும்; உரிய காலத்தில் மீட்காவிட்டால் ஏலம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுச் செவலைப் பசு அப்படி ஒரு பவுண்டில் அடைபட்டது. ஊரின் பெயர் இங்கு வேண்டாம். தந்தையார் வெளியூர் சென்றிருந்தமையால் இரண்டு நாள் கழித்தே தண்டம் கட்ட முடிந்தது. தீனிக்கென்று பணம் வாங்கினார்கள். ஆனால் பசு வெளியே வந்தபோது அதன் வயிறு ஒட்டி, விலா எலும்புகளை எண்ணும்படி இருந்தது. வீட்டுக்கு வரும் வழியிலேயே குட்டைக்குள் இறங்கி, நெடுநேரம் தலையைத் தூக்காமல் தண்ணீர் குடித்தது. நான்கு சுவரும் ஒரு பூட்டும் இருந்தால் அது புகலிடமாகிவிடாது என்பதை அன்று யாரும் எனக்குச் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.

மற்ற இடங்களில் இவ்வறம் எவ்வாறு நிறுவனமாக வளர்ந்தது என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பம்பாயில் தெருநாய்களைச் சுட்டுக் கொல்லும்படி ஆட்சியாளர் ஆணையிட்டதன் விளைவாக 1832-ஆம் ஆண்டில் கலவரமே மூண்டது. அதன்பின் 1834-ஆம் ஆண்டில் சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்னும் பார்சி வணிகரும், அமிச்சந்த் ஷா என்னும் வணிகரும் சேர்ந்து அந்நகரில் பாஞ்சராப்போல் என்ற புகலிடத்தை அமைத்தனர். நாய்களுக்காகத் தொடங்கியது, நாளடைவில் மாடுகளுக்கும் பறவைகளுக்கும் விரிந்தது.

நம் சென்னையிலோ மாநகராட்சி 1860-ஆம் ஆண்டு முதலே தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. கொன்றுகொண்டே இருந்தும் எண்ணிக்கை குறையவில்லை, வெறிநாய்க்கடியும் குறையவில்லை. 1959-ஆம் ஆண்டில், மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் காப்பாற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்ற விமானி கேப்டன் சுந்தரமும், அவருடைய துணைவியார் உஷா சுந்தரமும், பிள்ளைகளும் தொடங்கியதே புளூ கிராஸ் சங்கம். உஷா அம்மையாரும் விமானம் ஓட்டுவதில் வல்லவர். 1964-ஆம் ஆண்டில் சங்கம் பதிவு பெற்றது. அவ்வாண்டிலேயே, நாயைக் கொல்வதற்கு மாற்றாக அதற்குக் கருத்தடை அறுவை செய்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடும் முறையை அவர்கள் தொடங்கினார்கள். மாநகராட்சி அதனை ஏற்றுக்கொள்ள 1996 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. முப்பத்திரண்டு ஆண்டுகள்! நல்ல கருத்துக்கும் நகராட்சிக்கும் இடையே இருக்கும் தூரம் அவ்வளவு.

சட்டத்தின் கதையிலும் ஒரு தமிழ்ப் பெண்மணியின் பெயரே முன்னிற்கிறது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், விலங்கு வதைத் தடுப்புக்கென ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே இதற்கென ஒரு சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததன்பேரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-ஆம் ஆண்டில் அச்சட்டம் நிறைவேறியது. 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்து, அம்மையாரே அதன் முதல் தலைவரானார். ஆனால், விலங்கை வதைப்பவனுக்கு முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த தண்டம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்வரை. இன்று ஐம்பது ரூபாய்க்குக் கம்பம் சந்தையில் ஒரு கட்டு வைக்கோல்கூடக் கிடைக்குமோ, என்னவோ!

விலங்கு நலம் என்ற சொல்லைக் கேட்டால் இப்பள்ளத்தாக்கின் விவசாயிகள் சிலர் முகம் சுளிப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அதே வாரியம் தொடுத்த வழக்கில்தான் 2014-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடைசெய்தது. பல்லவராயன்பட்டியும் அய்யம்பட்டியும் சல்லிக்கட்டுக்குப் பெயர்போன ஊர்கள். 2017-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றி, 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும் அச்சட்டம் செல்லுமென்று கூறிவிட்டது. ஆயினும் மனத்தாங்கல் முற்றும் ஆறவில்லை. மாட்டைத் தம் பிள்ளையைப் போல் வளர்க்கிறோம் என்று சொல்கிறவர்களுக்கும், வாடிவாசலில் அதே மாட்டின் கண்ணில் தெரியும் அச்சத்தைச் சுட்டிக்காட்டுகிறவர்களுக்கும் இடையே வழக்குமன்றம் தீர்ப்புச் சொல்ல முடியும். உறவை உண்டாக்க முடியாது. இருசாராரும் ஒருமுறை தம்பிரான் தொழுவத்தின் வாசலில் சந்தித்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. அடக்குவதற்கும் அன்று, விற்பதற்கும் அன்று என்று வளர்க்கப்படும் காளைகள் அங்கே நிற்கின்றன.

இனி, முன்னர் சொல்லாமல் விட்டதைச் சொல்லவேண்டும்.

நூற்றுக்கணக்கான மாடுகளை எவ்வாறு வளர்ப்பது? கூட்டம் கரும்பும் கீரையும் கொண்டுவருவது ஆண்டில் சில நாட்களே. எஞ்சிய நாட்களில் மாட்டின் வயிறு மேய்ச்சலினால்தான் நிறையவேண்டும். இதை மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் எனக்கு விளக்கினார். கொட்டகை என்பது மழைக்கும் இரவுக்கும் ஒதுங்குவதற்கு. மாட்டுக்கு உண்மையான வீடு மலையடிவாரம் என்பது அவர் கருத்து. வீட்டுக்குள்ளேயே கட்டிப்போட்டுத் தீனி வைத்தால் சீமைமாடு தாங்கும். மலைமாடு தாங்காது என்றார். இப்பள்ளத்தாக்கின் மலைமாடுகள் உருவில் சிறியவை, நடையில் வேகமானவை, பாலில் குறைந்தவை. பகல் முழுவதும் சரிவுகளில் ஏறி இறங்கி, கிடைத்த புல்லையும் தழையையும் கடித்து, மாலையில் பட்டிக்குத் திரும்பிச் சாணமாகத் தருவதே அவற்றின் பெரிய வருவாய். அந்தச் சாணத்துக்கு எல்லைக்கு அப்பாலுள்ள ஏலத் தோட்டங்களில் நல்ல கிராக்கி உண்டு. அறுவடையான வயல்களில் இரவு தோறும் மாடுகளை மடக்கிக் கிடை போடும் வழக்கமும் இருக்கிறது. இங்கும் மதுரை, சிவகங்கைப் பகுதிகளிலும் வளரும் புலிக்குளம் மாடுகளும் அப்படித் திரிந்து வாழ்பவையே.

மேய்ச்சல் நிலம் எங்கே? பெரியாற்றுத் தண்ணீர் வந்தபின், நீர் எட்டிய புல்வெளியெல்லாம் நஞ்சையாயிற்று. நீர் எட்டாததும் பின்னர் கிணறுகளால் தோட்டமாயிற்று. மாடுகளுக்கு எஞ்சியது மலை ஒன்றுதான். மலையிலும் 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப்பின் எல்லைக் கற்கள் நடப்பட்டன. மேய்ச்சலுக்குச் சீட்டும் கட்டணமும் வந்தன. 2009-ஆம் ஆண்டில் மேகமலை வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஆயிரம் சதுரக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு. அடுத்த ஆண்டு, மேகமலைக் காட்டில் மாடு மேய்ப்பது பற்றிய வழக்கொன்றில், 2022 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டின் காடுகள் எவற்றிலும் கால்நடை மேயலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. பின்னர் அம்மாதத்திலேயே, அத்தடை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தப்பட்டது. மற்ற மாவட்டத்தாருக்கு அத்திருத்தம் ஆறுதல் அளித்திருக்கும். மலையின் பெரும்பகுதி காப்பகமாகிவிட்ட கம்பத்தாருக்கு அதனால் என்ன ஆறுதல்?

காட்டின் பக்கத்து நியாயத்தையும் கேட்கத்தான் வேண்டும். வீட்டு மாடு காட்டுக்குள் புல்லை மட்டும் தின்பதில்லை, நோயையும் விட்டுவருகிறது. மாடுகளைக் கொள்ளை கொள்ளையாக அழித்த வெக்கை நோய், 1970-களின் நடுவில் பெரியாற்றுக் காடுகளில் காட்டுமாடுகளைப் பெருவாரியாகக் கொன்றது. அந்நோய் 2011-ஆம் ஆண்டில் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கோமாரி இன்னும் ஒழியவில்லை. புலிக்கும் இரை வேண்டும். இரைக்குப் புல் வேண்டும். அப்புல்லைப் பட்டி மாடுகள் முதலில் மேய்ந்துவிட்டால் காட்டுமாடு எங்கே போகும் என்று வனத்துறையினர் கேட்பதில் பிழையில்லை. வழிவழியாகக் காட்டில் மேய்த்து வாழ்பவர்களுக்கு மேய்ச்சல் உரிமை உண்டென்று 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சொல்வதையும் மேய்ப்பவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். அதிலும் பிழையில்லை. ஓர் உயிரைக் காக்க இயற்றிய சட்டமும், வேறோர் உயிரைக் காத்துவந்த வழக்கமும் மலையடிவாரத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. இருவரும் நல்லவர்கள் ஆனதால்தான் சிக்கல் அவிழ மறுக்கிறது.

இது தம்பிரான் தொழுவத்துக்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று. தலைநகரின் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கவேண்டும் என்று 2025 ஆகஸ்டு 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அத்தனை நாய்களுக்கும் இடமும் உணவும் எங்கிருந்து வரும் என்ற கேள்வி உடனே எழுந்தது. பதினோரு நாட்களில் அவ்வாணை திருத்தப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின், வெறிநோயோ முரட்டுத்தனமோ இல்லாதவற்றைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றாயிற்று. புகலிடம் என்று காகிதத்தில் எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும். விடியற்காலையில் எழுந்து சாணம் அள்ளுவதற்கு ஆள் வேண்டும். தம்பிரான் தொழுவம் இத்தனை தலைமுறை நீடித்ததற்குக் காரணம் அவர்களிடம் இரக்கம் மற்றவர்களைவிட மிகுந்திருந்தது என்பதாக நான் கருதவில்லை. யார் மேய்ப்பது, யார் காப்பது, யார் செலவை ஏற்பது என்பதை அவர்கள் ஒருபோதும் தனிமனிதரின் இரக்கத்துக்கு விட்டுவைக்கவில்லை; ஊர்க் கடமையாக்கிவிட்டார்கள். இன்று அவர்கள் பிள்ளைகளும் கல்லூரிக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். மாட்டின் பின்னே மலையேறும் இளைஞர் எத்தனை பேர் என்று கேட்டபோது, அப்பெரியவர் விரல்களை மடக்கத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

கம்பத்துக்குச் சென்றவர் யாரும் அரிக்கொம்பனைப் பற்றிக் கேட்காமல் திரும்ப முடியாது. தேநீர்க் கடையில் நாம் வாய் திறக்குமுன் அவர்களே தொடங்கிவிடுகிறார்கள். கேரளத்துச் சின்னக்கானல் பகுதியில் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்னப் பழகிய கொம்பன் யானை அது. பெயர்க் காரணமும் அதுவே. அதைப் பிடித்துக் கும்கியாக்க முற்பட்டபோது விலங்கு நல அமைப்புகள் கேரள உயர் நீதிமன்றத்தை அணுகின. முகாமில் அடைக்காமல் வேறு காட்டில் விடுவதென்று முடிவாகி, 2023 ஏப்ரல் 29-ஆம் நாள் அதை மயக்கிப் பிடித்து, கழுத்தில் கருவியும் கட்டிப் பெரியாறு காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். யானைக்கு எல்லைக் கோடு தெரியுமா? மேகமலைக்கு வந்தது, மே மாதம் 27-ஆம் நாள் காலையில் கம்பம் நகரத்தின் தெருக்களிலேயே ஓடியது. ஊரடங்கு உத்தரவு போடப்பட்டது. அன்று காயமுற்ற ஒருவர் பின்னர் இறந்தார். ஜூன் 5-ஆம் நாள் தமிழ்நாட்டு வனத்துறையினர் அதனை மீண்டும் மயக்கிப் பிடித்து, தெற்கே களக்காடு–முண்டந்துறைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டனர்.

இக்கதையைச் சொன்ன கடைக்காரரின் குரலில் அச்சமும் இருந்தது. ஏதோ நம் வீட்டுப் பிள்ளை வழிதவறிப் போய்விட்டது போன்ற தவிப்பும் இருந்தது. கிழட்டு மாட்டுக்கும் இடம் கொடுத்த ஊர் அது. யானைக்கு இடம் கொடுக்க அந்த ஊரால் இயலவில்லை. எந்த ஊராலும் இயலாது. அதற்கு வேண்டிய தொழுவத்துக்குச் சுவர் எழுப்ப முடியாது.

தேனிக்கு அருகே 2020-ஆம் ஆண்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டிருக்கிறது. 1903-இல் சென்னையில் கால்நடைக் கல்லூரி தோன்றியபோது, இப்பள்ளத்தாக்கிலிருந்து நோயுற்ற மாட்டை அங்கே கொண்டுசெல்வதை யாரும் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள். இப்போது மருத்துவம் அருகில் வந்துவிட்டது. மேய்ச்சல் தொலைவில் போய்விட்டது. அக்கல்லூரியில் பயிலும் மாணவ மாணவியர் நம் குடும்பங்களிலும் சிலர் இருக்கக்கூடும். அவர்கள் ஒரு விடுமுறை நாளில் கம்பத்துக்குச் சென்று, மலைமாட்டுக்குத் தொழுவத்திலேயே எவ்வளவு தீனி போதும், அடிவாரத்துப் புறம்போக்கில் எந்தப் புல்லை விதைக்கலாம் என்று அப்பெரியவர்களோடு அமர்ந்து பேசினால், இரு தரப்புக்கும் பாடம் கிடைக்கும்.

நான் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கூட்டம் கலைந்து, தொழுவத்தின் முன்னே கரும்புச் சக்கையும் வாழைப்பழத் தோலும் கணுக்கால் அளவுக்குக் கிடந்தன. வாலிபர் சிலர் அவற்றைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தனர். உள்ளே பெரும்பாலான மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன; கொம்புக்கு இட்ட மஞ்சள் இன்னும் அழியவில்லை. கிழட்டுப் பசு ஒன்று மட்டும் எழுந்து நின்று, மேற்கே மலைப்பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தது. மேய்க்கும் பெரியவர் அதன் அருகே சென்று, கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியை மெல்லத் தடவிக் கொடுத்தார். நாளைக்கு எந்தப் பக்கம் ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். விடிந்தால் தெரியும் என்று சொல்லிவிட்டுத் தொழுவத்தின் படலைச் சாத்தினார்.